ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் இளக்கிக் குடுங்கண்ணா

...அதான் சொல்றேன்ல அண்ணா, ரோட்டுல ஒரு தீக்குச்சி கிடந்தாலும் இந்தக் கார்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். மருந்து இருக்கற பக்கமா ஏறினோமா, இல்லாத பக்கமான்னுகூட சொல்லிடலாம். இல்ல இல்ல, வெளியில வராதீங்க, அடியிலயே பாருங்க. உங்க பூட்ஸ் ரெண்டும் எனக்குத் தெரியுது, அது போதும். பூட்ஸ்கிட்டயே பேசிக்கறேன். வீட்டுலயும் யாரும் மூஞ்சியைக் காட்டிக் கேக்கறதில்ல.

குழந்தையா? தோள்லதான் இருக்கான். நாலு மாசம். ஒன்றரை மாசம் முன்னாடியே பொறந்துட்டான். இப்ப வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் எடை பாக்கணும். போக முக்கால் மணி நேரம். கெளம்பறதுக்கு முன்னாடி வயிறு நெறையப் பால் குடுக்கறேன். இந்தக் கார் அதைக் குலுக்கு குலுக்குன்னு குலுக்கி முக்காவாசியைச் சீட்டுல வாந்தி எடுக்க வெச்சிடுது. மூணு வாரமா எடை ஏறவே இல்ல. நர்ஸம்மா என்னைப் பாக்கற பார்வை இருக்கே... நான் பால் குடுக்காம கடைகடையாச் சுத்தற மாதிரி. சிஸ்டர், நான் குடுக்கறேன், கார் ஏறுது, இவன் ஏற மாட்டேங்கறான்னு சொன்னேன். அவங்க சிரிக்கல.

என்னமோ சொல்ல வந்தீங்களே? சரி, அப்புறம் சொல்லுங்க, மறந்துடாதீங்க.

இதே குழந்தை என் நாத்தனார் கார்ல தூங்கறான். அந்தப் பெரிய காரு இருக்குல்ல, கல்யாண மண்டபம் மாதிரி நீளமா. இந்த மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரே ஒரு வாரம் அதுல போனோம். ஏறினவன் ஆஸ்பத்திரி வாசல்லதான் கண்ணைத் தொறந்தான். ஒரு சொட்டு எடுக்கல. அந்த ஒரு வாரத்துல நூத்தம்பது கிராம் ஏறியிருந்தான்! நாத்தனார் என்னைப் பாத்து, "குழந்தைக்கு என்ன தெரியும் அண்ணி, சுகம் எங்க இருக்கோ அங்க தூங்குது"ன்னாங்க. சாதாரணமாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் ரெண்டு நாள் சாப்பாடு எறங்கல.

அவங்க டிரைவரைக் கேட்டேன். அப்படி என்னதான்யா இருக்கு உங்க கார்லன்னு. நல்ல மனுஷர், வண்டியைத் தொடைச்சுக்கிட்டே பாடம் எடுத்தார். அந்தக் காருக்கு ஸ்பிரிங் மெத்துன்னு இருக்குமாம், மேலயும் கீழயும் போய்வர நெறைய எடமும் இருக்குமாம். பள்ளம் வந்தா சக்கரம் மட்டும் எறங்கி ஏறிட்டு வந்துடும், மேல உக்காந்திருக்கறவங்களுக்கு விஷயமே போகாது. வண்டியும் நல்ல கனம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல தூரம் ஜாஸ்தி, அதனால தூக்கிப் போடாது. டயர் உயரமா, தலகாணி மாதிரி. மூட்டுக்கு மூட்டு ரப்பர். கதவுக்குள்ள, தரைக்கு அடியில எல்லாம் பஞ்சு, சத்தம்கூட உள்ள வர பர்மிஷன் கேக்கணும்.

சரி, எங்க கார் என்ன பாவம் பண்ணிச்சுன்னேன். "உங்களுது ஸ்போர்ட்ஸ் காரு மேடம், அதை வேகமா வளைவுல திருப்பினா சாயக் கூடாது"ங்கறார். அதுக்காக ஸ்பிரிங்கைக் கட்டையா, கெட்டியாப் போட்டுடுவாங்களாம். டயரு ரப்பர் பேண்ட் தடிமன். ரோடு என்ன சொல்லுதோ அது அப்படியே ஓட்டறவர் கைக்கும் முதுகுக்கும் வரணுமாம். எங்க வீட்டுக்காரர் எந்த வளைவுல அண்ணா பறக்கறார்? ரயில் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு போய் நிறுத்திட்டு ரயில்ல வேலைக்குப் போறார். ஆஸ்பத்திரி நாள்ல மட்டும் கார் எனக்கு, நான்தான் ஓட்டுவேன். அதுக்கு ரோடு இவர் முதுகுல வந்து என்ன சொல்லணும்?

ஆனா ஒண்ணு. அவர் ஆசைப்பட்டு வாங்கின கார் இது. கல்யாணத்துக்கு முன்னாடி எட்டு வருஷம் ஒரே செருப்பு, ஒரே பை, அப்படிச் சேத்து செகண்ட் ஹேண்ட்ல எடுத்தார். பொண்ணு பாக்க இதுலதான் வந்தார். எங்க அப்பா எட்டிப் பாத்துட்டு, "ரெண்டே கதவா? மாப்பிள்ளை பின்னாடி யாரையும் ஏத்தற எண்ணம் இல்ல போலிருக்கே"ன்னார். இப்ப பின்னாடி என் மாமியார் இவனை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்து வராங்க. ஏறி எறங்க ஒருக்களிச்சு, குனிஞ்சு, ஒரு கால் முதல்ல... "இது காராடி, சல்லடையா? என்னையச் சலிச்சு எடுத்துட்டியே"ன்னு வழி பூரா கேட்டுக்கிட்டே வருவாங்க.

டயரா? டயர்ல ஒண்ணும் இல்லண்ணா, அது என் டிபார்ட்மென்ட், நான் பாத்துக்கறேன். நீங்க ஸ்பிரிங்கைப் பாருங்க.

போன வாரம் நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். குழந்தை மேல, சீட்டு மேல, மாமியார் புடவை மேல எல்லாம் பால். வந்த வேகத்துல, "உங்களுக்குக் காரு வேணுமா, குழந்தை வேணுமா"ன்னுட்டேன். அவர் சத்தம் போட்டிருந்தா பரவாயில்ல. வெளியில போய்க் காரைக் கழுவினார். கழுவி, நாலு பக்கமும் நின்னு போட்டோ எடுத்தார். நான் பாட்டுக்கு, சரி, ஆசையா எடுக்கறார்னு நெனச்சேன். விக்கப் போட்டிருக்கார் அண்ணா. இன்னைக்கு ஆறு மணிக்கு ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போறார். காலையில ரயிலுக்குப் போகும்போது சாவியை என் கையில குடுத்து, "துணியெல்லாம் இருந்தா எடுத்து வெச்சிடு"ன்னார். அவ்வளவுதான்.

அதான் அவருக்குத் தெரியாம இங்க ஓட்டிட்டு வந்தேன். ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் இளக்கிக் குடுங்கண்ணா. நாத்தனார் கார் மாதிரி வேண்டாம். பாதி போதும். பால் உள்ள நின்னா போதும்.

வந்துட்டீங்களா வெளியில? என்ன, ஸ்பிரிங் நல்லா இருக்கா? நல்லா இருந்தா எப்படிண்ணா இப்படி... கையில என்ன அது, காத்து பாக்கற மீட்டரா? தாராளமாப் பாத்துக்கோங்க. எவ்வளவு காட்டுது?

ஐம்பத்தொண்ணு. கரெக்ட்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான்தான் போட்டேன். மேம்பாலத்து நடுவுல, கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு, காத்து போய் நின்னுட்டோம்னா? பின்னாடி லாரி வந்தா? அந்த நெனப்புலயே எனக்குத் தூக்கம் வராது. அதனால ஆஸ்பத்திரிக்குப் போற நாள் எல்லாம் பெட்ரோல் பங்க்ல நிறுத்தி நானே நம்பரை அமுக்கிப் போடுவேன். குருட்டாம்போக்குல போடலண்ணா. டயர் ஓரத்துல பொடி எழுத்துல போட்டிருக்கு, குனிஞ்சு படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன். கான்வென்ட்ல எங்களுக்கு அப்படித்தான் பழக்கம், பொடி எழுத்தை விடவே கூடாது. ஐம்பத்தொண்ணுன்னு இருந்தா ஐம்பத்தொண்ணு. நான் நாப்பத்தஞ்சோட விடற ஆள் இல்ல.

கதவோரமா? எந்த ஸ்டிக்கர்?

...இது இவ்வளவு நாளா இங்கயா இருந்துச்சு?

இந்தக் காருக்கு முப்பத்து மூணுதானா. பாஸ் மார்க்கே இல்லையேண்ணா.

அப்ப டயர்ல போட்டிருக்கறது... இதுக்கு மேல தாங்காதுங்கறதுக்கா. இவ்வளவு போடுன்னு இல்லையா. மேக்ஸிமம்னுதான் போட்டிருந்துச்சு. எனக்கு அர்த்தம் தெரியும் அண்ணா. இங்கிலீஷ்ல நான்தான் ஸ்கூல்லயே முதல்.

கல்லு மாதிரி ஆயிடுமா. இருக்கற ஸ்பிரிங்கும் கெட்டி, டயரும் கெட்டின்னா... ஆமா. அவர்கூட போன மாசம் சொன்னார், "இப்பல்லாம் வண்டி இன்னும் முறுக்கா இருக்குல்ல?"ன்னு. சந்தோஷமாத்தான் சொன்னார். எப்பலேர்ந்தா? இவனை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்த வாரத்துலேர்ந்து போடறேன். முதல்ல பொறுமையா நாப்பதுதான் போட்டேன். படிச்சப்புறம்தான், மூணு வாரமா, ஐம்பத்தொண்ணு.

மூணு வாரம்.

எறக்குங்கண்ணா. எறக்குங்க. இவ்வளவு நேரம் வருதே சத்தம்... இவ்வளவு காத்தையா நான் போட்டேன்.

ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா? நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி இவன்கூட உக்காந்துக்கறேன். ஒரு கால் முதல்ல... ஆங். இங்க வந்து எறங்கினப்புறம்தான் வயிறு நெறையக் குடுத்தேன், சரியான பரிட்சை. அந்த ஸ்பீட் பிரேக்கர்ல ஏத்துங்க. மெதுவா வேண்டாம், நான் எப்பவும் ஏத்தற மாதிரியே ஏத்துங்க... ம். தூக்கிப் போட்டுச்சு, இல்லேங்கல. நாத்தனார் கார் இல்லதான். இன்னொண்ணு வருது. ...ம்.

எடுக்கல.

ஏப்பம் விட்டான். ஏப்பம் மட்டும்தான் வந்துச்சு. திருப்பிக்கலாம் அண்ணா, போதும். இல்ல, அழல, தூசி. உங்க வொர்க்ஷாப்ல ஒரே தூசி.

மணி என்ன? அஞ்சு இருபதா? அண்ணா, நீங்களே அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்களேன். மெக்கானிக் சொன்னா கோவிச்சுக்க மாட்டார். ஸ்பிரிங்ல சின்னதா ஏதோ இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்னு... பொய்யா? பொய் இல்லண்ணா, ஒரு... அண்ணா? எங்க போறீங்க? கை கழுவவா? இப்பத்தானே கழுவினீங்க! அண்ணா!

போயிட்டார்.

...ஹலோ. ஏங்க, ரயில்லயா இருக்கீங்க? உக்கார எடம் கெடைச்சுதா? இல்ல, குழந்தை நல்லா இருக்கான். அந்த ஆறு மணிக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடுங்க. காரைக் குடுக்க வேண்டாம். ஏன்னா... நான் ஒரு நம்பர் சொல்றேன், நீங்க சத்தம் போடக் கூடாது, சுத்திலும் ஆளுங்க இருப்பாங்க. டயர்ல காத்து. ஐம்பத்தொண்ணு.

...நான்தான்.

...ஆமா. நாலுலயும்.

...ஆமா. ஸ்டெப்னியிலயும்.