கீழே யாரும் இல்லை

— அது உங்க கையெழுத்து இல்லைன்னு மட்டும் சொல்லுங்க மாணிக்கண்ணா, நான் வூட்டுக்குப் போயிடறேன்.

— என்னோடதுதான் லூயிசா. மொதல்ல உக்காரு.

— உக்காரவா வந்தேன்? 'மூடிக் கெடக்கற தங்கச் சொரங்கத்துல நந்திதுர்க் ஷாஃப்டு குழிக்குள்ள ஆளு யாரும் இல்ல'ன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுத்து, அடியில உங்க பேரு. அப்போ என் வூட்டுக்காரரு எரிக் ஆளு இல்லியா?

— இரு இரு. அங்க இன்னா பண்ணப் போறாங்கன்னு கேட்டியா?

— கேட்டேன். பகல்ல சோலார் கரண்டு வச்சு ஷாஃப்டுத் தண்ணிய மேல தொட்டிக்குத் தூக்குவாங்க. இருட்டினா திருப்பி உள்ள விடுவாங்க. விழற வேகத்துல சக்கரம் சுத்தி கரண்டு வரும்.

— அதான். மேல நிக்கற தண்ணிதான் பேட்டரி. இங்கயே வேல கெடைக்கும், நம்ம பசங்க விடிகாலை ரயில்ல பெங்களூருக்குத் தொங்கிக்கினு போவ வேணாம். இரு இரு, யோசி.

— இன்னாத்த யோசிக்கறது? தெனம் அவர் எலும்ப மேலயும் கீழயும் ஆட்டுவாங்களே, அதையா? வருசா வருசம் வேலியாண்ட நின்னு பூ உட்டு ஜெபம் பண்ணனே, பக்கத்துல ஆமென் சொன்னது யாரு?

— நான்தான்.

— லாய்டு ரெண்டு வாட்டி கட்டிக்கறேன்னு வந்தாரு. கீழ கெடக்கறவர உட்டுட்டு வரமாட்டேன்னேன். அதையும் நீங்கதான போய்ச் சொல்லிட்டு வந்தீங்க? இப்போ இன்னா, உங்க பசங்களுக்கு வேல தர்றாங்களா?

— பைபிள் மேல சத்தியமா ஒண்ணும் கேக்கல.

— அப்புறம் எந்த மனசுல எழுதினீங்க? சொரங்கத்துல பாறை வெடிச்ச அன்னிக்கு மூணு பேர மேல கொண்டாந்தாங்க. இவரு மட்டும் வரல. எறங்கறப்போ ஆபீஸ் ஜன்னல்ல குடுத்த அவரு டோக்கன், திரும்பி வாங்க ஆளு வராம அங்கயே கெடந்துச்சு. நீங்களே வாசல்ல நின்னு அழுதீங்க.

— டோக்கன குடுத்தது அவன் இல்ல லூயிசா.

— இன்னாது?

— லேட்டா வர்றவனுக்கு ஆப்சென்ட் உழக் கூடாதுன்னு ஒருத்தனோடத ஒருத்தன் குடுப்போம். எல்லா ஷிஃப்டுலயும் நடக்கறதுதான். அன்னிக்கு எரிக்கோடத நான் குடுத்தேன். அவன் வரவே இல்ல. கீழ எறக்கற கேஜுல கால வைக்கல.

— ஆண்டவரே... அத ஏன் அன்னிக்கே சொல்லல?

— என் வேல போயிடும்னு ரெண்டு நாள் பயந்தேன். மூணாம் நாள் அவன பங்காரப்பேட்டை ஸ்டேஷன்ல பாத்தேன். கூட ஒரு பொம்பள. செத்தவனாவே இருந்துக்கறேன், சொல்லாதன்னு என் காலப் புடிச்சான்.

— இத்தன வருசம் என்ன அந்த வேலியாண்ட நிக்க உட்டுட்டு... இப்போ சொல்லுங்க. அவரு உயிரோட கீறாரா?

— ஓசூர்ல கீறான். தைரியமா கையெழுத்து போடுன்னு சொன்னதே அவன்தான்.