முன்னால் நின்ற ஐந்து பேர்

"அஞ்சு பேர் முன்னுக்கு நிண்டும் மகனை அடிச்சு விழுத்திட்டாங்கள், மச்சான்."

கனடாவில், மார்க்கம் நகருக்குப் போகும் பஸ்ஸில், முன் இருக்கைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பொலிசைக் கூப்பிடப் போனை எடுத்த வீரனான நான், பதற்றத்தில் அதன் கடவு எண்ணையே மறந்து விழித்தேன்.

"பள்ளிக்கூட ஃபுட்போல்தானே, அந்தக் கையால எறியிற விளையாட்டு? பிறகேன் கவலை?"

"இவன்தான் பந்தை எறியிற குவாட்டர்பாக். ஒழுங்கா எறியத் தெரியாதெண்டு கோச் நாளைக்கு ரீமில இருந்து நிப்பாட்டப்போறாராம்."

"முன்னுக்கு நிக்கிற அவன்ர ரீம்காரர் அஞ்சு பேரும் மற்றப் பக்கத்தை மறிக்காட்டி அவன் எப்பிடியடா எறியிறது? நீ வீடியோ எடுத்தனீதானே, கோச்சிட்டைக் காட்டு!"

"பாத்தனான். விளையாட்டு முழுக்க மகன்ர முகத்தைத்தான் கிட்டவாப் பிடிச்சிருக்கிறன்."

"மறிக்காத அஞ்சு பேரும்?"

"ஒருத்தரும் அதில இல்லை. இவன் தன்ரபாட்டில விழுற மாதிரித்தான் கிடக்கு."