கொதிநீர் ஊற்ற வேண்டும்

உங்கள் படிவத்தில் 'பழுதுக்கான காரணம்' என்று போட்டிருக்கும் கட்டம் ரொம்பச் சின்னது. இரண்டு வரிகூடத் தாங்காது. அதனால்தான், மெக்கானிக் தம்பி, தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள். நான் பாடப்புத்தக அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்துகிறவன். பொய் எழுதத் தெரியாது.

முதலில் பழைய மெஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நேற்று நீங்கள் வந்தபோது சோபாவுக்குப் பக்கத்தில் பார்த்துவிட்டு, "இதென்ன சார், மியூசியத்துலேர்ந்து தூக்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டீர்களே, அதேதான். கம்பளத்தில் கறை பட்ட இடத்தை மட்டும் சுத்தம் செய்யும் கைமெஷின். கல்யாணமான வருஷம் நான் வாங்கியது, பதினேழு வருஷம் ஆகிறது. குழாய் வெடித்தது; சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். தண்ணீர் ஒழுகியது, குக்கர் கேஸ்கெட்டை நறுக்கி அடைத்தேன். சுவிட்ச் உடைந்தபோது பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைச் செருகினேன். இப்போதும் ஓடுகிறது. சத்தம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். என் மனைவி அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். "என் சக்களத்திக்கு இன்னிக்கு என்ன சீக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் காலையில் எனக்குக் காபியே தருவாள்.

இந்த மாதிரி மெஷின் சும்மா கிடந்தால் பம்பு காய்ந்து இறுகிவிடும். உங்களுக்குத் தெரியாததில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்ட வேண்டும். ஓட்டுவதற்குக் கறை வேண்டும். என் மனைவியோ படு சுத்தக்காரி. கறைக்கு நான் எங்கே போவேன்? ஆகவே நானே போட ஆரம்பித்தேன். முதலில் அரை டம்ளர் தேநீர். பிறகு பீட்ரூட் சாறு. ஆபீஸிலிருந்து சிவப்பு மை கொண்டு வந்ததும் உண்டு.

கறை என்று ஒன்று இருந்தால் கொட்டினது யார் என்று கேள்வி வருமா, இல்லையா? முதலில் பூனையைச் சொன்னேன். அப்போது எங்களிடம் உருண்டை என்று ஒரு பூனை இருந்தது. ஏழாவது கறைக்குப் பிறகு என் மனைவி மனசைக் கல்லாக்கிக்கொண்டு அதைக் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டாள். அங்கே நன்றாகத்தான் இருக்கிறது. என்னைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அடுத்து மச்சான், என் மனைவியின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். அவன் கை கழுவ எழுந்து போகும்போது, அவன் காபியில் மிச்சமிருப்பதை அவன் உட்கார்ந்திருந்த இடத்திலேயே ஊற்றுவேன். மூன்று வாரம் அப்படிச் செய்தேன். "சத்தியமா நான் கொட்டல அத்தான்" என்றான். "போகட்டும் விடு, மனுஷன்னா கை தவறத்தான் செய்யும்" என்று நான்தான் சமாதானம் சொன்னேன். நான்காவது வாரம் அவன் வரவில்லை. ஒன்றரை வருஷமாகிறது. என் மனைவிக்கு அதில் ரொம்ப வருத்தம். எனக்கும்தான்.

பிறகு மாமியார். தங்கமான மனுஷி. கை நடுங்குகிறது என்று சொல்லி அவரை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். எல்லாச் சோதனையும் செய்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். அதில் எனக்கு ஆச்சரியம் ஏதுமில்லை. ஆனாலும் அவருக்கு இப்போது மூடி போட்ட குவளையில்தான் தேநீர்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் உங்கள் கம்பெனியின் புது மெஷின் வந்து இறங்கியது. என் மனைவியே வாங்கினாள். கொண்டு வந்தவர் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினார். பதினேழு வருஷக் கறை அத்தனையும் போய்விட்டது. எங்கள் கம்பளம் பச்சை நிறம் என்பதே எனக்கு அன்றுதான் ஞாபகம் வந்தது. "இதுக்குப் பேருதாங்க மெஷின். அந்தச் சக்களத்திய சனிக்கிழமை எடைக்குப் போட்டுடுங்க" என்றாள். சனிக்கிழமைக்கு நான்கே நாள்தான் இருந்தது.

உங்கள் மெஷினை நான் தொடவில்லை. ஒரு திருகாணியைக்கூடத் திருப்பவில்லை. கையேட்டைத்தான் தொட்டேன்.

பதினோராம் பக்கத்தில் 'தொட்டியில் கொதிநீர் ஊற்றக் கூடாது' என்று இருக்கிறது. எங்கள் ஆபீஸில் பழைய புரூஃப் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. பாடப்புத்தகத்தில் 'வேண்டும்' என்ற சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. அதே எழுத்தில், அதே அளவில் ஒன்றைத் தேடிக் கத்தரித்து, 'கூடாது' மேல் ஒட்டினேன். ஒட்டிய பிறகுதான் பார்க்கிறேன், 'ஊற்றக் வேண்டும்' என்று நிற்கிறது. சந்திப்பிழை. அப்படியே விட்டிருந்தாலும் என் மனைவி கவனித்திருக்க மாட்டாள். என் மனசுதான் கேட்கவில்லை. அந்த 'க்'கை மட்டும் பிளேடால் பக்குவமாகச் சுரண்டி எடுத்தேன்.

அவள் எதையும் படித்துவிட்டுத்தான் செய்வாள். வெள்ளிக்கிழமை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பதினோராம் பக்கத்தை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு, தளதளவென்று கொதித்த தண்ணீரை ஊற்றினாள். பம்பு வெந்துவிட்டது. தொட்டி சுட்ட கத்தரிக்காய் மாதிரி சுருங்கிப்போனது. அவள் உட்கார்ந்து அழுததைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆறுதலாக ஒரு தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவள் குடிக்காமல் வைத்தது கம்பளத்துக்கு உதவியது. பழைய மெஷின் மறுபடி கூடத்துக்கு வந்தது.

இதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். நேற்று நீங்கள் கையேட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தீர்கள். "அச்சுப்பிழைம்மா இது. புரூஃப் பார்த்தவன் நல்லாத் தூங்கியிருக்கான். இப்படியே எழுதிக் குடுங்க, கம்பெனி புதுசாவே ஒண்ணு தந்துடும்" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. முகம் தெரியாத அந்த மனுஷன் நாற்பது பக்கத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறான். நானும் பார்த்துவிட்டேன், ஒரு பிழை கிடையாது. செய்யாத தப்புக்கு ஒருத்தன்மேல் பழி போடுவதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

ஆகவே காரணத்தை இப்படிக் குறித்துக்கொள்ளுங்கள்: செய்தது நான், வேண்டுமென்றே செய்தேன். வேண்டுமென்றே செய்த சேதத்துக்குப் புது மெஷின் தரப்படாது என்று பத்தொன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. அந்த வரியில் நான் கை வைக்கவில்லை. உங்கள் படிவத்தில் 'உத்திரவாதம்' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் 'உத்தரவாதம்' என்று திருத்தியிருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். என் மனைவி கேட்டால் இந்தத் தாளைக் காட்ட வேண்டாம், அவள் மனசு தாங்காது. கையேட்டைச் சுரண்டியது பூனை, அதனால் புதுசு தர முடியாது என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் வருவதற்குள் தையல்காரரிடம் பேசி உருண்டையைத் திரும்ப வாங்கி வந்துவிடுகிறேன்.