மணலில் ஒரு விசாரணை

— போறும் கலியமூர்த்தி, மிதிக்காதே. சக்கரம் சுத்தறதே ஒழிய வண்டி ஒரு அங்குலம் நகரலை.

— நீங்கதானே சார் மிதிச்சுக் காட்டச் சொன்னீங்க. லாக் போடாம இந்த மணல்லேருந்து பிக்கப் வெளிய வருமா வராதான்னு பார்க்கணும்னு.

— சொன்னேன். உன் கேஸுக்கு நான் விசாரணை அதிகாரி. ஸ்பாட்டைப் பார்க்காம கேஸை முடிக்கப்படாது, ரூல் இருக்கு. அதுக்காக இந்த மகாதேவனை யமுனைக்கு நடுவிலே குடிவைன்னா சொன்னேன்?

— நடுவுல இல்லீங்க, ஓரந்தான். தண்ணி இன்னும் நூறு கெஜம் தள்ளிப் போவுது. தப்பா நெனைக்காதீங்க சார், கொஞ்சம் எறங்கிப் பாருங்க.

— உள்ளேருந்தே சொல்லேன்.

— சொன்னா நம்ப மாட்டீங்க. நம்பாததாலதானே இவ்ளோ தூரம் வந்தோம்.

— சரி சரி, இறங்கறேன். ஐயையோ.

— பார்த்துங்க, அங்க சேறு.

— இப்போ சொல்றயே. நேத்திக்குத்தான் கரோல் பாக்ல வாங்கினேன் இந்த ஷூவை. சரி, என்ன பார்க்கணும்?

— பின்னாடி இடது சக்கரம் பாருங்க. பாதி பொதைஞ்சு கெடக்குது. நான் மிதிச்சா இது மட்டும் சும்மா சுத்துது. வலது சக்கரம் கெட்டித் தரையில ஜம்முனு நிக்குது, ஆனா அசையவே மாட்டேங்குது.

— கெட்டித் தரையில இருக்கறதுதானே வண்டியைத் தள்ளணும்?

— தள்ளணுங்க. ஆனா டிஃபரன்ஷியல் விடாது. வளைவுல திரும்பறப்ப வெளிப்பக்கச் சக்கரம் கூட சுத்தணும், உள்பக்கம் கொறைய சுத்தணும். அதுக்காக ரெண்டையும் தனித்தனியா விட்டு வச்சிருக்காங்க. ரோட்டுல அது சரி. மணல்ல என்னா ஆவுதுன்னா, எந்தச் சக்கரம் நோவாம சுத்துதோ அதுக்கே இஞ்சின் சக்தி முச்சூடும் போயிருது. வேல செய்யக்கூடிய சக்கரம் சும்மா நிக்குது.

— ம். நம்ம செக்‌ஷன் மாதிரி.

— நான் சொல்லலீங்க.

— நீ சொல்லலை, நான்தான் சொன்னேன். மேலே சொல்லு.

— லாக் போட்டா ரெண்டு சக்கரமும் ஒண்ணா கட்டினாப்ல சுத்தும். கெட்டித் தரையில இருக்கறது தள்ளிவிட்டுரும். எம்பஸிக்காரன் இந்த வண்டிய ராஜஸ்தான் பாலைவனத்துல ஓட்டினவன், அதுக்காவவே வச்சிருந்தான். ஏஷியாட் விளையாட்டு முடிஞ்ச வருஷம் நாம ஏலத்துல எடுத்தோம். ஆத்துல தண்ணி மட்டம் பார்க்கற ஆபீசுக்கு இதவிட நல்ல வண்டி ஏது? எடுத்து ஆறே மாசத்துல லாக் போடற கைப்பிடில நூலச் சுத்தி அரக்கு வச்சு சீல் பண்ணிட்டாங்க.

— பண்ணாம? வண்டியில ஸ்பெஷலா ஒரு சாமான் இருந்தா அதைத் துஷ்பிரயோகம் பண்ண வாய்ப்பு உண்டு. அதனால முன் அனுமதி இல்லாம உபயோகிக்கப்படாது. ஆர்டர் போட்டது டைரக்டர், டிராஃப்ட் எழுதினது நான்.

— அனுமதி வாங்க ஆபீசுக்குப் போவணுமே சார். வண்டி மணல்ல இருக்குதே.

— அந்தப் பாயிண்ட் அப்போ யாருக்கும் தோணலை.

— அச்சா.

— என்ன அச்சா? சரி, வேற வழி பார்ப்போம். அதோ தர்பூஸ் வயல்ல நிக்கறானே, சிரிச்சிண்டு, அவன்கிட்ட டிராக்டர் இருக்கா கேளு.

— வர்றப்பவே கேட்டுட்டேங்க. இருக்கற ஒரு டிராக்டரும் நரேலா பக்கம் போயிருக்குதாம், நாளைக்குத்தான் வருமாம். அந்த ஆளு, வேணும்னா ராத்திரி தங்கிக்கங்க, கட்டில் தர்றேங்கறான்.

— கட்டிலா? ஆறு மணிக்கு ஜனக்புரில எனக்குச் சம்பந்தி வீட்டு விசேஷம். என் ஆத்துக்காரி ராஜலக்ஷ்மி ரெண்டு தடவை ஆபீசுக்கு போன் பண்ணிட்டா. பலகை வைச்சுப் பார்த்தா?

— பலகை வச்சாச்சு, சாக்கு போட்டாச்சு, டயர்ல காத்தும் எறக்கியாச்சு. நீங்க குறிப்பு எழுதிக்கிட்டிருந்தீங்க, பார்க்கல. ஆர்மியில பதினஞ்சு வருசம் ஓட்டினவன் சார் நானு. இதுக்கு மேல ஒரே வழிதான் இருக்குது.

— சொல்லாதே.

— சொல்லலீங்க.

— அது சீல் வைச்சிருக்கு. பிப்ரவரில உடைஞ்சதுக்கு அப்புறம் நானே என் கையால புதுசா அரக்கு வைச்சு முத்திரை குத்தினேன்.

— தெரியுங்க. நல்லா அழுத்திக் குத்தியிருக்கீங்க.

— கலியமூர்த்தி, நீ போய் அதைப் பிரிச்சு இழு.

— நான் தொட மாட்டேன் சார்.

— நான் சொல்றேன்யா.

— தப்பா நெனைக்காதீங்க. சீல் உடைஞ்ச கேசுக்கு விசாரணை நடக்குது, விசாரணைக்கு வந்த எடத்துலயே சீல் உடைஞ்சா எம் பொழப்பு என்னாவறது? எம் பொஞ்சாதி கோவிந்தம்மா மூணு மாசமா சரியா சாப்பிடறதில்ல. பொண்ணு தமிழ்ப் பள்ளிக்கூடத்துல பத்தாவது படிக்குது. எழுதிக் குடுத்தாலும் தொட மாட்டேங்க.

— மணி நாலே முக்கால்.

— ஆமாங்க.

— அந்த வயல்காரன் இன்னும் சிரிக்கறானா?

— வீட்டுக்காரம்மாவையும் கூட்டியாந்துட்டான்.

— சரி. தள்ளு. நானே ஏறி உடைக்கறேன். எங்கே அது? இதோ இதுவா? நூல் கெட்டியா இருக்கே. ம். உடைஞ்சுடுத்து. இப்போ?

— இருங்க சார், சக்கரம் சுத்தறப்ப இழுத்துராதீங்க, உள்ள பல்லு போயிரும். வண்டி நிக்கணும். நான் கிளச்ச மிதிக்கறேன். இப்ப நேரா உங்க பக்கம் இழுங்க. இன்னும். கட்டுக்குன்னு விழுந்துச்சா?

— விழுந்தது. கைக்கே தெரியறது.

— கெட்டியா பிடிச்சுக்குங்க. முதல் கியர். மெதுவாத்தான் போவணும், அவசரப்பட்டா தோண்டிடும்.

— போறதா?

— போவுது பாருங்க.

— அட. அட கலியமூர்த்தி. நிஜமாவே எழுந்து வரதே. ஒரு நிமிஷம்கூட ஆகலை. இதுக்காய்யா மூணு மாசம் ஃபைல் ஓட்டினோம்? சந்தோஷமா இருக்குய்யா. சரி, இடது பக்கம் திருப்பு, பாதை அங்கே போறது.

— திருப்பறேங்க. அது திரும்பாது.

— ஸ்டியரிங்கைத்தான் திருப்பறயே.

— ஸ்டியரிங் திரும்புது, வண்டி திரும்பல. லாக் போட்டா ரெண்டு சக்கரமும் ஒரே வேகம், வளைவே வராது. நேராத்தான் போவும்.

— நேரா தர்பூஸ் குவியல்னா இருக்கு. பிரேக், பிரேக்.

— போட்டாச்சு. கெட்டித் தரைக்கு வந்துட்டோம், இப்ப பிடிய உள்ள தள்ளுங்க.

— தள்றேன், போகலை.

— சட்டுனு விடாது. ரெண்டடி ரிவர்ஸ் எடுக்கறேன், அப்பத் தள்ளுங்க. இப்ப.

— போயிடுத்து.

— அவ்ளோதாங்க. ஜனக்புரிக்கு ஆறரைக்குள்ள போயிரலாம்.

— கொஞ்சம் வண்டியை நிறுத்து.

— ஏன் சார், மயக்கமா வருதா?

— இல்லை. இதைப் பாரு. என் பையில இருக்கிற காகிதம். உன் விசாரணை ரிப்போர்ட்.

— இன்னிக்குத்தானே விசாரணை?

— வெள்ளிக்கிழமையே டைப் அடிச்சாச்சு. இன்ஸ்பெக்‌ஷன் தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். டைரக்டர் அவசரப்படுத்தினார், டிராஃப்டைப் பார்த்து ரொம்ப நன்னா இருக்குன்னார். வாசிக்கறேன் கேளு. ‘முன் அனுமதியின்றி முத்திரையை உடைத்தவர் எவராயினும், அவசரம் எதுவாயினும், அரசுப் பணியில் நீடிக்கத் தகுதியற்றவர். அவரை உடனடியாகப் பணிநீக்கம் செய்யப் பரிந்துரைக்கிறேன்.’ கீழே என் கையெழுத்து.

— நல்ல தமிழுங்க.

— இங்கிலீஷ்ல இருக்கு, உனக்காக மாத்திச் சொன்னேன். கலியமூர்த்தி, எனக்கு வெட்கமா இருக்கு. இந்த மணலைக் கண்ணால பார்க்காமலே உன் சாப்பாட்டுல கை வைச்சேன். ஒரு மணி நேரம் மாட்டிண்டதும் அதே காரியத்தை நானே பண்ணிட்டேன்.

— உங்க பையில அரக்கும் முத்திரையும் இருக்குதே சார். எங்கிட்ட தீப்பெட்டி இருக்குது. திருப்பி முத்திரை குத்திட்டா யாருக்குத் தெரியும்?

— எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல ஒரு பொய் நோட் எழுதினதில்லை. இதைக் கிழிச்சுட்டு வேற எழுதறேன். மணல்ல மாட்டினா உடைக்கறதைத் தவிர வேற வழி கிடையாது, கலியமூர்த்தி பேர்ல குத்தமே இல்லைன்னு.

— கிழிக்காதீங்க சார்.

— உனக்குப் புத்தி கெட்டுடுத்தா? இது மேலே போனா வேலை போயிடும்யா.

— போவும். உடைச்சவங்களுக்குத்தானே சார் போவும்? எவராயினும்னு போட்டிருக்கீங்க. ஒரு எழுத்து மாத்தாம அப்படியே அனுப்புங்க.

— நீதானேய்யா உடைச்சே.

— அப்படின்னு நான் எங்கயாவது எழுதிக் குடுத்திருக்கேனா? மெமோவுல என்னா கேட்டாங்க, ‘உன் பொறுப்பிலுள்ள வண்டியில் முத்திரை ஏன் உடைந்தது’ன்னு கேட்டாங்க. மணல்ல மாட்டிக்கிட்டதால உடைஞ்சதுன்னு எழுதினேன். கேட்டதுக்குப் பதில் சொன்னா போதும், கேக்காதத எழுதாதேன்னு நீங்கதானே எல்லாருக்கும் சர்க்குலர் விட்டீங்க.

— விட்டேன். ஆனா பிப்ரவரில அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. ஆபீஸ் லீவு. வண்டியில வேற யாரு இருந்தா?

— குடும்பத்தோட பறவை பார்க்க வந்திருந்தாங்க. மேடம், ரெண்டு பிள்ளைங்க, ஒரு கூடை பூரி. இதே மாதிரி மாட்டிக்கிட்டோம். நான் தொட மாட்டேன்னுட்டேன், இதே மாதிரி தள்ளுடான்னு சொல்லிட்டு அவரே உடைச்சாரு. திங்கக்கிழமை ஸ்டோர் கீப்பர் சேஷு பார்த்துட்டு ரிப்போர்ட் எழுதிட்டாரு, அதுக்கு யார் தலையிலயாவது மெமோ போட்டாவணுமில்ல?

— மெமோவுல கையெழுத்து டைரக்டரோடதாச்சே.

— ஆமாங்க, அன்னிக்கு உடைச்சது டைரக்டர் சாரு, இன்னிக்கு உடைச்சது நீங்க. நானு இது வரைக்கும் அந்த சீலத் தொட்டதே இல்லீங்க.