ஒரு மேசைக்கு ஒரு கம்பி

அவையின் தலைமையை அணிசெய்யும் ஐயா அவர்களே! உலைமுன்னும் உருட்டாலையிலும் உழைத்து உழைத்து உள்ளங்கை காய்த்துப்போன பெரியவர்களே! வீட்டில் ஆயிரம் வேலை கிடக்க, அவற்றை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் அன்னையரே! வெல்டர்களே, கடைசல்காரர்களே, கிடங்குக்காரர்களே, என்னைப் போலத் தனியறையில் தலைகுனிந்தே காலம் தள்ளும் சோதனையாளர்களே! முன்வரிசையில் அமர்ந்தால் தூங்க முடியாது என்று பின்வரிசை தேடிப் பிடித்த பெருமக்களே! மூன்றாம் வரிசையின் ஓரத்தில், நான் கூப்பிட்டேன் என்ற ஒரே காரணத்துக்காக வந்து அமர்ந்திருக்கும் என் அண்ணன் அவர்களே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, ‘நிக்கல் கலவைகளும் சிறப்பு எவர்சில்வர் வகைகளும்: பண்புகளும் பயன்களும்.’ தந்த நேரம் இருபது நிமிடம். தலைப்பை விட்டு விலகமாட்டேன். ஆனால் அந்தத் தலைப்புக்குள்ளேயே நின்று, ஒரு மனிதருடைய நல்ல பெயரை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் இந்த மேடையை விட்டு இறங்குவேன். பதினொரு ஆண்டுகளாக அது என்னிடம் இருக்கிறது. நான் எடுத்தேன் என்பது அவருக்கே தெரியாது.

முதலில் உலோகத்தைப் பேசுவோம். இரும்போடு குரோமியம் கூடினால் என்ன ஆகிறது? கண்ணுக்கே தெரியாத மெல்லிய தோல் ஒன்று மேலே படர்கிறது. கீறினால் கிழியும், காற்றுப் பட்டால் கணத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். அந்தத் தோல் இருக்கும்வரை துரு அண்டாது. கூட நிக்கல் சேர்ந்தால் வளைந்துகொடுக்கும் வாகு வருகிறது. மாலிப்டினம் சேர்ந்தால் உப்புநீரோடு மல்லுக்கு நிற்கும் வலு வருகிறது. பால் கொதிக்கும் தொட்டியும், முறிந்த எலும்பைப் பிடித்து நிற்கும் தகடும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே!

இனி, நிக்கலே தலைமை தாங்கும் கலவைகள்! விமானப் பொறிக்குள் செக்கச்செவேல் என்று காய்ந்தும் சோர்ந்துபோகாத தகடு எது? நிக்கல் கலவை! தொட்டால் தோலை உரிக்கும் அமிலத் தொட்டிக்குள் சளைக்காமல் சுழலும் தண்டு எது? நிக்கல் கலவை! வெயிலுக்கு நீளாமல், குளிருக்குக் குறுகாமல், அளவு பார்க்கும் கருவிக்குள் அசையாமல் நிற்பது எது? இரும்போடு கூடிய நிக்கல் கலவை! கசக்கி வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும் கம்பி எது? டைட்டானியத்தோடு கூடிய நிக்கல் கலவை!

என்னம்மா? எழுந்து நின்றே கேளுங்கள். “எங்க வீட்டு எவர்சில்வர் டப்பா காந்தத்துல ஒட்டுதுங்க, கடைக்காரன் ஏமாத்திட்டானா?” என்று கேட்கிறார் அந்த அம்மா. ஏமாற்றவில்லை தாயே! நிக்கல் சேராத வகை காந்தத்தில் ஒட்டும். கடல்நீர்க் குழாய்க்குப் போகும் உயர்ந்த வகை ஒன்று உண்டு, அதுவும் ஒட்டும். காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். சண்டை போட வேறு காரணமா கிடைக்காது?

சிரித்தது போதும். இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

இத்தனை வகை இருக்கிறதே, பார்த்தால் தெரியுமா? தெரியாது! தேய்த்து வைத்தால் எல்லாமே வெள்ளை, எல்லாமே பளபளப்பு. எடையில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. ஆனால் பாரந்தூக்கியில் தொங்கும் கம்பியைக் கை எப்படி எடை போடும்? அதனால்தான் எங்கள் கிடங்கில் கம்பியின் முனையில் வண்ணப் பட்டை தீட்டுவோம். அமிலத் தொட்டிக்குப் போகும் நிக்கல் கலவைக்குப் பச்சை. முந்நூற்றுப் பதினாறு என்ற எவர்சில்வர் வகைக்கு நீலம். பட்டைதான் கம்பிக்குப் பெயர். கம்பியைச் சோதித்துப் பட்டை தீட்டுவது என் வேலை. பட்டையைப் பார்த்து அடுக்கில் வைப்பதும் எடுத்துக் கொடுப்பதும் கிடங்குப் பொறுப்பாளரின் வேலை. அந்தப் பொறுப்பாளர் என் அண்ணன்.

சோதனையறைக்கு ஒரு விதி உண்டு. ஒரு மேசைக்கு ஒரு கம்பி. சோதித்து, பட்டை தீட்டி, வெளியே அனுப்பிய பிறகுதான் அடுத்த கம்பி மேசை ஏறவேண்டும். பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அவசரம் என்று சொல்லி இரண்டு கம்பிகளை ஏற்றினேன். யார் ஏற்றியது? நான்! யாராவது கட்டாயப்படுத்தினார்களா? இல்லை! இரண்டின் முனையிலும் எழுதியிருந்த பழைய எண்களைத் தேய்த்து அழித்தேன். எந்தக் கலவை என்று காட்டும், துப்பாக்கி போன்ற கருவியை வைத்துச் சோதித்தேன். இடப்பக்கம் நிக்கல் கலவை, வலப்பக்கம் முந்நூற்றுப் பதினாறு. தாளில் சரியாகத்தான் எழுதினேன். வண்ண டப்பா மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. சுற்றிப்போய் எடுத்தேன். அங்கே நின்றபடியே, இடப்பக்கத்துக் கம்பிக்குப் பச்சை, வலப்பக்கத்துக்கு நீலம் தீட்டினேன்.

கடைசல்காரர்கள் தலையில் கை வைக்கிறார்கள். புரிந்துவிட்டது. எதிர்ப்பக்கம் போனவளுக்கு இடம் வலமாகிவிடும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அன்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் என்ன செய்தார்? எப்போதும் செய்வதைச் செய்தார். பச்சையைப் பார்த்தார், பச்சை அடுக்கில் வைத்தார். அமில ஆலைக்காரர் வந்து கேட்டபோது பச்சையைப் பார்த்துத்தான் பாதியை வெட்டிக் கொடுத்தார். ஆறாம் வாரம், அந்தக் கம்பியில் கடைந்து தொட்டிக்குள் மாட்டிய தண்டு அரித்து, மெலிந்து, முறிந்து, தொட்டியைக் கிழித்தது. எல்லோரும் தேநீர் குடிக்கப் போயிருந்த நேரம். அதனால்தான் ஒருவர்மேலும் அமிலம் படவில்லை.

முறிந்த துண்டு சோதனைக்கு என்னிடமே வந்தது. கருவி காட்டியது, முந்நூற்றுப் பதினாறு என்று. அந்த நொடியே அந்த மேசையும் டப்பாவும் நான் நின்ற இடமும் எனக்குத் தெரிந்துவிட்டன. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? சொல்லவில்லை! மறுநாள் விசாரணை என்று அறிவித்தார்கள். மதிய இடைவேளையில் கிடங்கு வாசலிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். “வாம்மா, சாப்பிடலாம். காலையிலேருந்து நீ எதுவும் சாப்பிடல.”

“நீங்க சாப்பிடுங்க அண்ணே, எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு” என்றேன்.

அந்தச் சின்ன வேலை என்ன தெரியுமா? அவர் சாப்பிடப் போனதும் கிடங்குக்குள் நுழைந்து, பச்சை அடுக்கில் மிஞ்சியிருந்த பாதிக் கம்பியின் பச்சைப் பட்டையைத் துடைத்துவிட்டு நீலம் தீட்டினேன். நீல அடுக்கில் இருந்த மற்றக் கம்பிக்குப் பச்சை தீட்டினேன். பட்டைகள் இப்போது சரி. அடுக்குகள்தான் தவறு! விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். பட்டையைப் பார்க்காமல் அடுக்கி, பட்டையைப் பார்க்காமல் கொடுத்த பொறுப்பாளர் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அண்ணன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். “பச்சைன்னுதாங்க எனக்கு ஞாபகம்.” யாரும் கேட்கவில்லை. அருகில் நின்ற நானும் கேட்காததுபோல நின்றேன்.

கிடங்கிலிருந்து அவரை எடுத்து வாசல் காவலுக்கு மாற்றினார்கள். ‘கலர்க்காரர்’ என்று பட்டம் கட்டினீர்கள். கட்டியவர்களில் சிலர் இங்கே இருக்கிறீர்கள். தலையைக் குனியவேண்டாம், உங்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அவர் போய் உட்கார்ந்தால் சாப்பாட்டு மேசை காலியாகும். ஆனால் அதைவிடப் பெரிய கொடுமை எது? அவரே அதை நம்பிவிட்டார்! மூன்று முறை கண் மருத்துவரிடம் போனார். “கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்று மருத்துவர் சொல்லியும் நான்காம் முறை போனார். அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறாராம். அண்ணி போனில் சொல்லி அழுதார். பேருந்து எண்ணைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறார். தன் கண்ணைத் தானே நம்பாத ஒரு மனிதரை உண்டாக்கியது யார்? உங்கள் முன் மாலையோடு நிற்கும் இந்தத் தங்கை!

என் கதை என்ன? அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஞாயிறுதோறும் போன் செய்வார். “சாப்பிட்டியா?” என்பார். “சாப்பிட்டேன் அண்ணே” என்பேன். அடுப்படியில் நின்றபடி, தட்டு எடுக்காமல், பாத்திரத்திலிருந்தே சாப்பிட்டு முடித்திருப்பேன். எங்கள் வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் விளக்குப் போட்டே நாளாகிறது. தனிமை தனிமை என்று நான் யாரிடம் புலம்ப? கதவைச் சாத்தியவள் நானேதான். வேதனையாக இருக்கிறது ஐயா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

தலைப்புக்கு வருகிறேன். எவர்சில்வர் எங்கே கெடும் என்று இளம் சோதனையாளர்களைக் கேட்டால் கடல்நீரில் என்பார்கள். முழு உண்மை அது இல்லை. போல்ட்டுக்கு அடியில், இரண்டு தகடு ஒட்டிய இடுக்கில், உப்புநீர் புகுந்து காற்றுப் புகாமல் நின்றால் அங்கே கெடும். தோல் கிழிவது குற்றமில்லை. கிழிந்த தோல் மூடிக்கொள்ளக் காற்று வேண்டும்! வெளியே பார்த்தால் பளபளக்கும்; உள்ளே குழி விழுந்துகொண்டே போகும். உயர்ந்த கலவை கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும், அவ்வளவுதான். பதினொரு ஆண்டு நான் தாங்கினேன். போதும்!

ஆகவே, அவையோரே, கேளுங்கள்! அன்று தவறியது அவர் கண்ணா? இல்லை! அவர் கையா? இல்லை! அவர் கவனமா? இல்லவே இல்லை! இரண்டு கம்பியை ஏற்றியவள் நான். இடம் மாறி நின்றவள் நான். பட்டையைத் துடைத்து மாற்றியவள் நான். இதையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு, மேடை ஏறும் முன்பே தலைவர் ஐயாவிடம் கொடுத்துவிட்டேன். உறையைப் பிரிக்கலாம் ஐயா. என்ன தண்டனை என்றாலும் ஏற்கிறேன்.

அண்ணன் எழுந்து நிற்கிறார். ஒலிவாங்கி வேண்டாம், எனக்குக் கேட்கிறது. சற்று அமைதியாக இருங்கள்.

“அப்ப… நான் குடுத்தது பச்சைதானாம்மா?”

பச்சைதான் அண்ணே. நீங்க சரியாத்தான் பாத்தீங்க.

போகிறார். தடுக்காதீர்கள், வழி விடுங்கள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று யாரும் அவரைக் குறைசொல்லவேண்டாம். கிடங்குக்காரர்களே! கைதட்டுவதற்கு இங்கே ஒன்றும் இல்லை. எழுந்திருங்கள். ஓடிப்போய் அவரோடு நடங்கள். வீடுவரை போங்கள். எந்தப் பேருந்து என்று அவர் கேட்டால், அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நான் வரக்கூடாது; நீங்கள் போகலாம். எல்லோருமே போகலாம்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி. பாதியில் எழுந்து அவர் பின்னால் போகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. இன்னும் இந்த மண்டபத்தில் யாராவது இருந்தால், அவர்களுக்கும் வணக்கம்.