மூன்று முறை திரும்பிய அறிவிப்பு

அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு என் மேசைக்கு வந்த அறிவிப்பில் ஆறு பிழைகள் இருந்தன.

பல்கலைக்கழகத்தில் எந்தத் தாள் ஒட்டப்படுவதானாலும் என் முத்திரை வேண்டும். பத்தொன்பது வருடமாக அதுதான் என் வேலை. நான் வருவதற்கு முன் ஒரே துறைக்கு நான்கு பெயர்கள் புழங்கின. ஆங்கிலப் பெரிய எழுத்தை அவரவர் மனம்போனபடி போட்டார்கள். கையேடு எழுதி எல்லாவற்றையும் ஒரு வழிக்குக் கொண்டுவந்தேன். முத்திரை இல்லாத தாளைக் காவலாளி கிழித்துவிடுவார். அந்த விதியும் நான் எழுதியதே.

கொண்டுவந்தவர் வேதியியல் ஆய்வக உதவியாளர், என் தங்கையின் கணவர். இரண்டாம் அறையில் வாயு கசிகிறது, யாரும் நுழைய வேண்டாம் என்று எழுதியிருந்தார். முழுக்கப் பெரிய எழுத்தில். அது கத்துவது போல, கையேடு அனுமதிப்பதில்லை. ஆய்வகத்துக்கு ஒரு வரியில் முழுப்பெயர், அடுத்த வரியில் சுருக்கப்பெயர். சிவப்புச் சீட்டு இணைத்துத் திருப்பினேன்.

பத்தேகாலுக்கு மறுபடி வந்தார். நான்கு பிழைகள் போய், புதிதாக ஒன்று முளைத்திருந்தது.

“மச்சான், அந்த ரூம் பூட்டு வேற கெட்டுக் கிடக்கு. யாராவது உள்ள போய் விழுந்தாத்தான் முத்திரை குத்துவீங்களா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். வேடிக்கைப் பேச்சு அவருக்கு வழக்கம்.

“ஊருக்கு ஒரு சட்டம், மாப்பிள்ளைக்கு ஒரு சட்டமா?” என்றேன். சொந்தக்காரருக்குச் சலுகை காட்டினேன் என்று என்னை யாரும் சொன்னதில்லை.

அவரே ஒரு தாளை எழுதி ஒட்டினாராம். காவலாளி கிழித்தார். மூன்றாம் முறையும் ஒரு பிழை மிச்சமிருந்தது. மூன்று முறை திரும்பிய தாள், மறுநாள் பார்க்க வேண்டிய கட்டுக்குப் போகும். அந்தத் தட்டில் வைத்தேன்.

பிறகு அவர் கதவுக்கு முன் நாற்காலி போட்டு, அறிவிப்புக்குப் பதிலாகத் தானே உட்கார்ந்திருக்கிறார். போகிறவர்கள் கேலி செய்தார்களாம். சாப்பிட எழுந்துபோன பத்து நிமிடத்தில் ஒரு மாணவி உள்ளே போய்விட்டாள். அவளைத் தூக்கப் போன மாப்பிள்ளையும் உயிரோடு வெளியே வரவில்லை.

இரங்கல் அறிவிப்பை நானே எழுதினேன். அதில் ஒரு பிழையும் இல்லை.

விசாரணையில் இப்படித்தான் சொன்னேன்: ஐயா, ஒரு தாள் எப்படிச் சொல்கிறது என்றுதான் நான் பார்ப்பேன். என்ன சொல்கிறது என்பது என் மனதில் நிற்பதில்லை. தொழில் அப்படி. ஆகவே கசிவைப் பற்றி அன்று எனக்கு எதுவும் தெரியாது என்றே சொல்ல வேண்டும். என் மகளும் அங்கேதான் படிக்கிறாள். அந்த அறையில் அவளுக்கும் அன்று வேலை இருந்தது. அவள் போகவில்லை. அதிர்ஷ்டம் என்றார்கள், நான் மறுக்கவில்லை.

தங்கையும் நான் சொன்னதை நம்பியிருந்தாள். நேற்று வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

“அண்ணா, அன்னிக்குக் காலைல ஒன்பதரைக்கே உன் பொண்ணுக்கு போன் பண்ணி, அந்த ரூம் பக்கம் போகாதேன்னு சொன்னியாமே?”