பிரின்சிபால் கொடுக்காத வாக்கு

பிரின்சிபால்: கதவைச் சாத்துங்கம்மா. அப்படி என்னதான் சொல்லி வெச்சீங்க அந்தப் பசங்ககிட்ட?

சைகை டீச்சர்: விழாவுல நீங்க மைக்ல பேசினதைத்தான் சார்... கையால காட்டினேன்.

பிரின்சிபால்: என் பேச்சுக்கு என் வீட்டுக்காரியே கொட்டாவி விடுவா! இவங்க என்னடான்னா ரெண்டு கையையும் தூக்கித் தூக்கி ஆட்டறாங்க...

சைகை டீச்சர்: காது கேக்காதவங்களோட கைதட்டல் அதான் சார்.

பிரின்சிபால்: கைதட்டல்னு தெரியுது. எதுக்குன்னுதான் கேக்கறேன்.

சைகை டீச்சர்: பேச்சு நல்லா இருந்துச்சு சார்... 'பன்முகத்தன்மை', 'சமவாய்ப்பு', 'யாரையும் விட்டுவிடாத வளாகம்'...

பிரின்சிபால்: அதெல்லாம் கமிட்டி எழுதிக் கொடுத்தது. மழுப்பாதீங்க.

சைகை டீச்சர்: ...வாயால சொல்லிட்டுப் போயிடலாம் சார். கையால சொல்றப்ப யாரு, எங்கேன்னு இடம் காட்டியாகணும். 'யாரையும் விடமாட்டோம்'னு காட்டினா, 'எப்படி?'ன்னு முன்வரிசையில ஒரு பொண்ணு கேக்கறா. நீங்க பாட்டுக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டிட்டீங்க...

பிரின்சிபால்: அதனால?

சைகை டீச்சர்: நானே ஒண்ணு சொல்லிட்டேன்... திங்கக்கிழமையிலேர்ந்து ஒவ்வொரு வகுப்புலயும் சைகை மொழிக்கு ஓர் ஆள் இருப்பாங்கன்னு.

பிரின்சிபால்: ஐயய்யோ! என் பேர்லயா?

சைகை டீச்சர்: உங்க பேர்லதான் சார்.

பிரின்சிபால்: இருக்கற ஒரே ஆள் நீங்க. உங்களையே வேலையை விட்டு நிறுத்தறதா நேத்து நிர்வாகம் முடிவு பண்ணியாச்சு. விழா முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு...

சைகை டீச்சர்: தெரியும் சார்.

பிரின்சிபால்: தெரியுமா!

சைகை டீச்சர்: உங்க டைப்பிஸ்ட் காலையிலயே சொல்லிட்டாங்க. அந்த முன்வரிசைப் பொண்ணுக்குக் கடைசி வருஷம். நான் போயிட்டா உதட்டைப் பார்த்தே படிக்கணும். நம்ம வாத்தியாருங்க போர்டு பக்கம் திரும்பித்தானே பேசுவாங்க? அவங்க முதுகையே பார்த்துட்டு அவ உக்காந்திருப்பா... அதான் சொல்லிட்டேன் சார்.

பிரின்சிபால்: இப்ப சேர்மன் கூப்பிடுவார். 'மொழிபெயர்ப்புல தப்பு'ன்னு பழியை உங்க தலையில போட்டுட்டு நான் தப்பிச்சுக்கலாம்.

சைகை டீச்சர்: போடுங்க சார். எப்படியும் போற ஆள்தானே. ஒண்ணுதான் எனக்கு விளங்கல...

பிரின்சிபால்: என்ன?

சைகை டீச்சர்: அந்தப் பொண்ணு லேசுல நம்பல. பேச்சு முடிஞ்சதும் எழுந்து, 'பிரின்சிபால் நிஜமாத்தான் சொல்றாரா?'ன்னு கேட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள அவ என் தோளுக்குப் பின்னால பார்த்தா... உடனே கையைத் தூக்கி ஆட்ட ஆரம்பிச்சுட்டா. பின்னால நீங்கதானே நின்னீங்க, வழக்கம்போல பாக்கெட்ல கையை விட்டுக்கிட்டு?

பிரின்சிபால்: ம்.

சைகை டீச்சர்: அவகிட்ட... என்ன பண்ணீங்க?

பிரின்சிபால்: 'நிஜம்தான்'னு கையால சொன்னேன். சேர்மன்கிட்டயும் அதையேதான் சொல்லப்போறேன். நீங்க வாக்கை வாபஸ் வாங்கறீங்களான்னு பார்க்கத்தான் இவ்வளவு நேரம் துருவினேன். திங்கக்கிழமை வந்துடுங்க.

சைகை டீச்சர்: சார்... உங்களுக்கு... சைகை எப்படி...?

பிரின்சிபால்: எங்க அம்மா அப்பா ரெண்டு பேருக்குமே காது கேக்காதும்மா. எனக்கு முதல்ல வந்த பேச்சே கையாலதான். வெளியே தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான் இத்தனை வருஷமா இந்த ரெண்டையும் பாக்கெட்லயே வெச்சிருந்தேன்.